முட்டை போடாத அண்ணன்

முப்பிடாதியின் போன் முதல் முட்டையை இட்டது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஊத்தடிப்புதூர் கீழத்தெருப் பெண்கள் வேப்பமரத்து நிழலில் வட்டமாக உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இலையில் தூளை வைத்து, விரல் போகிற போக்கில் பீடி சுற்றிக்கொண்டிருந்த நேரம். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுகிற கை நின்றால் அன்றைக்கு வேலை குறையும் என்பதால் யாரும் போனைத் தொடமாட்டார்கள். செவ்வந்தி ஒருத்தி மட்டும் பீடி சுற்றாமல் நடுவில் உட்கார்ந்து, எல்லாருடைய போனையும் தன் முன்னால் வரிசையாகப் பரப்பி, யாருக்கு என்ன செய்தி வந்தாலும் சத்தம் போட்டு வாசிப்பாள், பதில் சொன்னால் எழுதி அனுப்புவாள், அவள் சுற்ற வேண்டியதை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதனால் கீழத்தெருவில் யாருக்கும் யாரைப் பற்றியும் தெரியாதது என்று ஒன்று இல்லை. யாரும் அதைக் குறையாகவும் நினைக்கவில்லை.

"முப்பிடாதி, ஒன் வீட்டுக்காரரு அனுப்பியிருக்காரு," என்றாள் செவ்வந்தி. "'சாப்ட்டேன். வயிறு நெறையச் சாப்ட்டேன்.' அவ்வளவுதான்."

அவள் வாசித்து முடிக்கவும் போன் லேசாக நடுங்கியது, சூடானது, அடை கிடக்கிற கோழி எழுந்திருக்கிற மாதிரி ஒரு பக்கமாகத் தன்னைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தது. அது இருந்த இடத்தில் காடை முட்டை அளவில் ஒரு முட்டை கிடந்தது.

"சூடா இருக்குட்டி," என்றாள் செவ்வந்தி தொட்டுப் பார்த்து.

"நாட்டுக்கோழி முட்டையா, லெக்கான் கோழியா?"

"நெறத்தப் பாத்தா நாட்டு மாதிரிதான் இருக்கு."

"அப்பச் சரி. பிள்ளைக்கு அவிச்சுக் குடு," என்றார்கள் எல்லாரும், பீடி சுற்றியபடியே.

அந்த வாரத்திலேயே கீழத்தெருவில் எல்லாப் போனும் முட்டையிட ஆரம்பித்தது, அடுத்த வாரம் மேலத்தெருவில். எதற்கு இடுகிறது என்று கண்டுபிடித்ததும் செவ்வந்திதான். நாள் முழுக்க வாசிக்கிறவளுக்குத் தெரியாதா? "பொய் வந்தா இடுது. நெசம் வந்தா சும்மா கெடக்கு," என்று அவள் சொன்னபோது, பாலக்காட்டு பேக்கரியில் வேலை பார்க்கும் முப்பிடாதியின் புருசன் செல்லப்பாண்டி பட்டினி கிடக்கிறான் என்பது தெருவுக்கே தெரிந்துபோனது. முப்பிடாதி உடனே அவனைக் கூப்பிட்டு, "ஒழுங்காப் போயிச் சாப்பிடுங்க, இல்லன்னா இங்க முட்டை குமிஞ்சிரும்," என்று வைதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சாப்பிட்டான்.

பொய்யின் அளவுக்கு முட்டையின் அளவு. 'பஸ் ஏறிட்டேன், பக்கத்துல வந்துட்டேன்' என்பதற்குக் காடை முட்டை. 'போன்ல சார்ஜ் இல்ல, அதான் எடுக்கல' என்பதற்குக் கோழி முட்டை. முகம் தெரியாத ஒருத்தன் தன்னைக் கப்பல் கேப்டன் என்று சொல்லிக்கொண்டு 'உங்கள் புன்னகை என் தூக்கத்தைக் கெடுக்கிறது' என்று எழுதினால் வாத்து முட்டை. வெளிநாட்டிலிருந்து உங்களுக்கு நகைப் பார்சல் வந்திருக்கிறது என்று சொன்னால் தேங்காய் தண்டிக்கு ஒன்று. அதை உடைக்க அம்மிக்குழவி வேண்டும், உடைத்தால் ஒரு வீட்டுக்கு ரெண்டு வேளை ஆம்லெட். இந்தக் கிழங்கைத் தின்றால் எந்த நோயும் தீரும் என்று குழுக்களில் சுற்றி வருகிற செய்திகளுக்கு ஒவ்வொரு போனும் ஒரே நேரத்தில் இட்டு, தெரு முழுக்கக் கோழி கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும்.

ஊர் இதற்குப் பழக எத்தனை நாள் ஆகும்? பழகிவிட்டது. படுக்கும்போது போனைச் சட்டைப்பையில் வைக்கக்கூடாது, வைக்கோல் பரப்பிய சட்டியில் வைக்க வேண்டும் என்று சின்னப்பிள்ளைகளுக்கும் தெரிந்தது. அங்கன்வாடி டீச்சர் மிச்ச முட்டைகளைக் கூடையில் கேட்டு வாங்கிப் போனார். மேலத்தெரு ஓதுவார் வீட்டில் முதலில் முட்டைகளைக் குச்சியால் தள்ளி வெளியே விட்டார்கள். பிறகு, கோழி சம்பந்தப்படாத முட்டை எப்படி அசைவமாகும் என்று அவர்களே உட்கார்ந்து யோசித்து, வெங்காயம் போடாமல் பொரித்துச் சாப்பிட்டார்கள். முட்டை விற்ற பலசரக்குக் கடை பலவேசம் ஒரு மாதம் அழுதான். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர் பேர் தெரியாத பொய்க்காரர்களாகப் பார்த்துத் தேடிப் பிடித்து நட்பு வைக்க ஆரம்பித்தான். "எவனாவது உண்மையப் பேசிட்டா அன்னைக்கு யாவாரமே போச்சு," என்று சலித்துக்கொள்வான். ஒருத்திக்கு நல்ல பொய்க்காரச் சிநேகிதன் கிடைத்தால் மற்றவள் ஜாடையாக வந்து, "யக்கா, ஒங்க கேப்டன எனக்கும் கொஞ்சம் பழக்கி விடுங்களேன்," என்று கேட்பாள். ஊருக்குள்ளே மட்டும் யாரும் போனில் பொய் சொல்வதில்லை. பொய் சொல்ல வேண்டியிருந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு நேரில் நடந்து போய்ச் சொன்னார்கள். அதனால் ஊரில் போக்குவரத்தும் ஒற்றுமையும் கூடியது.

இவ்வளவு முட்டைக்கும் நடுவில் முட்டையே போடாத ஆள் ஒருத்தர் இருந்தார். அவர்தான் முப்பிடாதியின் அண்ணன், கிடை ராசா.

கூடப்பிறந்த அண்ணன் இல்லை. முப்பிடாதி ஒத்தைப் பிள்ளையாகப் பிறந்தவள். அவளுடைய வெள்ளாடு வயிறு உப்பிக் கிடந்த ஒரு நாள், ஆடு வளர்ப்போர் குழு ஒன்றில் அவள் அலறி அடித்து எழுதிப்போட, கிடை ராசா என்ற பேரில் ஒருத்தர், கொம்பு சுருண்ட ஒரு கிடாயின் படத்தை முகத்துக்குப் பதிலாக வைத்திருந்தவர், என்ன கொடுக்க வேண்டும், எந்தப் பக்கமாகப் படுக்க வைத்து வயிற்றைத் தேய்க்க வேண்டும் என்று வரி வரியாக எழுதிக் காப்பாற்றிக் கொடுத்தார். ராமநாதபுரத்துப் பக்கம், செம்மறிகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வயலில் உரத்துக்காக ராத்திரி கிடை போட்டு அடைக்கிற பிழைப்பு. அன்றிலிருந்து அண்ணன், தங்கச்சி. தெருவில் எல்லாரும் தச்சி என்று கூப்பிடும் அவள் மகள் தர்ஷிகாவுக்கு விடாமல் காய்ச்சல் அடித்தபோது, 'அழாத தங்கச்சி, நீ அழுதா பிள்ளைக்குப் பால் கொறையும், மொதல்ல நீ கஞ்சியக் குடி' என்று எழுதியதும் அந்த அண்ணன்தான். புருசன் வெளியூரில், தாய் தகப்பன் போய்ச் சேர்ந்தாயிற்று, அந்த ஒரு வரியை முப்பிடாதி அழிக்காமல் வைத்திருந்தாள்.

கிடை ராசாவின் செய்தி எதற்கும் போன் அசையவே அசையாது. ஊரே அவரைக் கொண்டாடியது. என்ன, அவர் சொல்வது மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியாக இருக்கும்.

"'எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல தங்கச்சி, எவனும் பொண்ணு தர மாட்டேங்குறான்,'" என்று காலையில் வாசிப்பாள் செவ்வந்தி. மத்தியானம், "'எம் பொண்டாட்டி இன்னைக்கும் கொழம்புல உப்புப் போடல,'" என்று வாசிப்பாள்.

வட்டம் திரும்பிப் போனைப் பார்க்கும். முட்டை இல்லை.

"இடையில ஆயிருக்கும்," என்பாள் ஒருத்தி. "ஆட்டுக்காரங்க கல்யாணம் வெரசா முடிஞ்சிரும்."

'பல்லு ஒண்ணுகூட இல்ல' என்று ஒரு நாள் எழுதினார். மறுநாள் 'கரும்பு கடிச்சிக்கிட்டு இருக்கேன்.' பல்செட்டு வைத்திருப்பார் என்று முடிவானது. 'எழுவது வயசு தாண்டிருச்சு' என்றவர், 'பத்தாப்புல கணக்குல மறுபடி பெயிலாப் போனேன்' என்று எழுதியபோது ஊத்தடிப்புதூர் பள்ளிக்கூடத்து வாத்தியார் அதைக் காலைக் கூட்டத்தில் சொல்லி, எழுபது வயதிலும் விடாமல் கணக்குப் பரீட்சை எழுதும் ஒரு மாமனிதர் என்று கையெல்லாம் தட்ட வைத்தார். முட்டை சொன்ன பிறகு மூளைக்கு என்ன வேலை?

தைமாதம் தச்சிக்குக் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேள்வி வந்தது. கேட்டது முப்பிடாதியின் நாத்தனார் ஆவுடை. அவளுக்குப் பிள்ளை கிடையாது. தம்பி செல்லப்பாண்டியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், வாய் மட்டும் அரிவாள்மணை.

"அத்தை புருசனும் மாமன்தான. எங்க வீட்டுக்காரரு மடியில வச்சுக் குத்திருவோம்," என்றாள் ஆவுடை. "ஒன் பக்கத்துல மடிக்கு எங்கட்டி போவ? போன்ல இருந்து எறங்கி வருமா?"

அது சுருக்கென்று பட்டது. முப்பிடாதி நேரே வேப்பமரத்தடிக்குப் போய், "செவ்வந்தி, எழுது," என்றாள். "'அண்ணே, தச்சிக்குக் காது குத்து. எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல. நீங்க வந்து மடியில வைக்கணும்.'"

பதில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது; செவ்வந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள்.

"'நான் ஒருத்தன் இருக்கையில நீ ஏன் கலங்குற தங்கச்சி? கண்டிப்பா வர்றேன். என் மடியிலதான் தச்சிக்குக் காது குத்து.'"

வட்டம் முழுக்க, "ஆகா," என்றது. போன் நடுங்கியது, சூடானது, ஒரு பக்கமாகத் தன்னைத் தூக்கியது.

கீழத்தெருவில் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் நின்றது அன்றைக்கு மட்டும்தான். கோழி முட்டை, பழுப்பு நிறம்.

"ஆம்லெட் போடலாமா?" என்று கேட்ட ஒருத்தியைப் பக்கத்தில் இருந்தவள் கிள்ளினாள்.

இந்தச் செய்தியில் எது பொய் என்று ஊர் கூடிப் பேசியது. வரமாட்டார், அதுதான் பொய் என்றது ஒரு கட்சி. வருவார், ஆனால் மடி கிடையாது, காலில் ஏதோ குறை இருக்கும் என்றது இன்னொரு கட்சி. பலவேசம் ஒரு படி மேலே போய், தங்கச்சி என்றதுதான் பொய், அவன் வேறு நினைப்பில் இருக்கிறான் என்றான். முப்பிடாதி பீடித்தட்டைத் தூக்கி அவன் மேல் எறிந்தாள். ஆவுடைதான் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "மனுசன் பொய் சொல்லுவான். முட்டை சொல்லுமாட்டி?"

முப்பிடாதி அந்த முட்டையை அவித்து, உப்பு தொட்டு, ஒருத்தியாக உட்கார்ந்து அழுதபடி தின்றாள். அழுதாலும் ருசியாகத்தான் இருந்தது, அதுவே அவளுக்குக் கோபமாக வந்தது. அவரிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. கேட்டு, அதற்கும் ஒரு முட்டை விழுந்தால்? அதனால் பேச்சை நிறுத்திவிட்டாள். 'என்ன தங்கச்சி, சத்தத்தையே காணோம்?' என்று வந்தது. 'செவலை ரெண்டு குட்டி போட்டிருக்கா' என்று வந்தது. 'ஒன் நெனப்பாவே இருக்கு' என்று வந்தது. ஒன்றுக்கும் முட்டை விழவில்லை. அதுதான் அவளைப் போட்டு வாட்டியது. எல்லாவற்றிலும் உண்மையாக இருந்துவிட்டு, அவள் வேண்டும் என்று கேட்ட ஒன்றில் மட்டும் பொய் சொன்னவரை என்னவென்று வைவது?

காது குத்துக்குச் செல்லப்பாண்டி பாலக்காட்டிலிருந்து பிளம் கேக்கோடு வந்து இறங்கினான். பந்தல் போட்டு, வாழை கட்டி, ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டாயிற்று. ஆவுடையின் புருசன் உச்சிமாகாளி பட்டுக்கரை வேட்டியில், மணை மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்து, எப்போதும் போல அரைத்தூக்கத்தில் இருந்தார். தச்சியைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி அவர் மடியில் வைத்தார்கள். பக்கத்தில் ஆவுடை, பிள்ளையின் தலையைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஊர் பார்த்ததில்லை. ஆசாரி ஊசியைத் துடைத்தார்.

அப்போது பந்தலில் கட்டியிருந்த வாழை மரம் ஒன்று தானாக நடந்து வெளியே போனது.

பார்த்தால், ஒரு கிடா அதை இழுத்துக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இன்னொரு கிடா. அதன் பின்னால் கீழத்தெரு கொள்ளாமல், வேப்பமரம் கொள்ளாமல், மே மே என்று புழுதி கிளப்பிக்கொண்டு செம்மறிக் கூட்டம். அதற்கும் பின்னால் தலைப்பாகையும் தொரட்டிக் கம்புமாக, தாம்பாளத்தில் தேங்காய் பழமும் வெள்ளிக் காப்பும் பாவாடைத் துணியும் ஏந்திக்கொண்டு, ஆண்களும் பெண்களுமாக ஏழு பேர்.

"இங்கன முப்பிடாதித் தங்கச்சி யாருப்பா?"

முப்பிடாதி முன்னால் வந்தாள். "நான்தான். நீங்க யாரு?"

"கிடை ராசா," என்றார்கள் ஏழு பேரும்.

ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள். பல்லில்லாத கிழவர் ஒருவர் வாயைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "கிடைக்கு ஒரு போனுதான் ஆத்தா. காட்டுக்குள்ள மேட்டுல ஏறுனாத்தான் அதுல சிக்னல் கெடைக்கும். யாரு ஏறுறாங்களோ அவுக எழுதுவாக. எனக்குப் பல்லு கெடையாது. இவன் மூத்தவன், இவன் பொண்டாட்டிதான் உப்புப் போடாதவ. இவனுக்குப் பொண்ணு கெடைக்கல. இந்தா நிக்கிறானே, இவந்தான் கணக்குல பெயிலு."

கணக்கில் பெயிலானவன் தலையைக் குனிந்துகொண்டான். வாத்தியார் மெதுவாகப் பந்தல்காலுக்குப் பின்னால் போனார்.

"அப்ப அந்த முட்டை?" என்றாள் முப்பிடாதி. அவர்கள் ஊரில் போன் முட்டையிடாது போல. ஒன்றும் விளங்காமல் விழித்தார்கள். "'நான் ஒருத்தன் இருக்கையில'ன்னு எழுதுனீகளே."

"அப்பிடித்தான எழுதுவாக?" என்றாள் உப்புப் போடாத பொண்டாட்டி. "நாங்க ஏழு பேரு இருக்கையிலன்னு எழுதுனா சண்டைக்கு வர்ற மாதிரில்ல இருக்கும்?"

ஊர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. செவ்வந்தி, "நான் வாசிக்கும்போதே நெனச்சேன்," என்றாள். போனில் சொல்லியிருந்தால் வாத்து முட்டை கிடைத்திருக்கும்.

முப்பிடாதி மட்டும் சிரிக்கவில்லை. "தச்சிக்குக் காய்ச்சல் அடிச்சப்ப, அழாத, மொதல்ல நீ கஞ்சியக் குடின்னு எழுதுனது ஒங்கள்ல யாரு?"

ஏழு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"அழாதன்னு பொண்ணு கெடைக்காத ஒன் அண்ணன் சொன்னாரு," என்றாள் மூத்தவன் பொண்டாட்டி. "கஞ்சிய நான் சேத்தேன். பால் கொறையும்னு பெரியவரு சொன்னாரு. எழுதுனது யாருன்னு கேட்டா நெசமாத் தெரியல ஆத்தா. அன்னைக்கு யாரும் மேட்ட விட்டு எறங்கல."

முப்பிடாதி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நல்லாருக்கு கத!" என்று ஆவுடை குறுக்கே வந்தாள். "ஒரு பிள்ளைக்கு ஏழு மாமனா? அதுல மூக்குத்தி போட்ட மாமன் வேற. நேர்ல யாரும் என்னமும் சொல்லுவாங்க. போன்ல சொல்லச் சொல்லு, பாப்போம்."

நியாயம்தான் என்றது ஊர். முப்பிடாதியின் போனை வைக்கோல் சட்டியில் வைத்துப் பந்தல் நடுவில் வைத்தார்கள். கிடைப் போனை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்குப் போய், அதிலிருந்து முப்பிடாதியின் போனுக்குக் கூப்பிட்டு, ஒவ்வொருத்தராக, "நான் தச்சிக்கு மாமன்," என்று சொன்னார்கள். கிழவர் சொன்னார், சட்டி சும்மா இருந்தது. மூத்தவன் சொன்னான். மூக்குத்தி போட்டவள் சொன்னாள்; ஆவுடை குனிந்து சட்டிக்குள்ளேயே முகத்தை விட்டுப் பார்த்தாள். கடைசியாகக் கணக்கில் பெயிலானவன் நடுங்கி நடுங்கிச் சொன்னான். வைக்கோல் மட்டுமே இருந்தது.

"எனக்குக் கால் மரத்துப் போச்சுப்பா. வாங்க, வந்து உக்காருங்க," என்று உச்சிமாகாளி சந்தோசமாக எழுந்து, தச்சியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார்.

மணை போதவில்லை, பெஞ்சைப் போட்டார்கள். ஏழு பேரும் தொடையோடு தொடை ஒட்டி உட்கார்ந்து கொடுத்ததில் மடி ஒரு கட்டில் நீளத்துக்கு வந்தது. தச்சி அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தவழ்ந்து தவழ்ந்து சிரித்தாள். கிழவர் மடியில் வரும்போது ஆசாரி ஒரு காதைக் குத்தினார். அவள் வீறிட்டுக்கொண்டு மறுகோடிக்குத் தவழ்ந்து போக, ஆசாரி பின்னாலேயே ஓடிப் போய் அடுத்த காதைக் குத்தினார். பிள்ளை அழ, ஏழு மாமன்களும் அதைவிடச் சத்தமாக அழ, தெருவில் நின்ற ஆடெல்லாம் அழ, செல்லப்பாண்டி எல்லார் வாயிலும் கேக்கைத் திணித்தான்.

பந்தி போடும்போதுதான் ஆவுடையைக் காணவில்லை. முப்பிடாதி, தோளில் விம்மிக்கொண்டிருந்த தச்சியோடு, போனை எடுத்து நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"மைனி, எங்க இருக்கீய? எல போட்டாச்சு."

"அடுக்களைக்குப் பின்னாலதான் இருக்கேன். வாரேன் போ."

"குரல் ஒரு மாதிரியா இருக்கே. அழுதீயளா?"

"நான் எதுக்குட்டி அழணும்? எனக்கென்ன வந்துச்சு? ஒன் மக எவன் மடியில உக்காந்தா எனக்கென்ன?"

முப்பிடாதியின் உள்ளங்கை சுட்டது. போன் ஒருக்களித்து எழுந்தது. அவ்வளவு பெரிய முட்டையை அவள் கையால் ஏந்த முடியவில்லை, வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சத்தம் காட்டாமல் அதை வைக்கோல் சட்டியில் இறக்கி, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு, அடுக்களையைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். விறகுக்கட்டை மேல் உட்கார்ந்திருந்த ஆவுடை அவசரமாக மூக்கைத் துடைத்தாள்.

"மைனி, எனக்குப் பந்தி பாக்கணும். இவ வேற யார்ட்டயும் போக மாட்டேங்கா," என்று சொல்லி, முப்பிடாதி தச்சியை அவள் மடியில் இறக்கினாள். காதில் புதுக் கம்மலோடு, அழுது களைத்த பிள்ளை, ஆவுடையின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அப்படியே கண்ணை மூடியது.

"எனக்கு வேற சோலி இல்லன்னு நெனச்சியாட்டி? கால் வலிக்குது, வெரசா வந்து தூக்கிட்டுப் போ," என்றாள் ஆவுடை, சத்தத்தைத் தாழ்த்தி.

நேரில் சொன்னதால் ஒன்றும் விழவில்லை. முப்பிடாதி ஏழு இலைக்கும் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, மறுசோறு கேட்டு, ரசம் கேட்டு, மோர் ஊற்றி, எல்லாரும் கை கழுவி எழுந்த பிறகும் அந்தப் பக்கம் போகவில்லை.